வீரமுத்து விழுங்காத மாத்திரை

ஜொகூர் மாநிலத்துச் செனாய் வட்டாரத்தில் ஒரு கல்யாண விருந்து என்றால், சமையல் யார், மேடை அலங்காரம் யார் என்பதற்கு முன்னாலேயே மைக் பிடிக்கப் போவது யார் என்ற பேச்சு வந்துவிடும். பாதி வீடுகளில் அதற்கு விடை வீரமுத்துதான். தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்படிச் சொன்னால் ஒருத்தருக்கும் ஆள் பிடிபடாது. ‘எம்.சி. வீரமுத்து’ என்றால் பக்கத்து ஊரான கூலாய் வரைக்கும் பிடிபடும். மைக்கை வாங்கி, தொண்டையைக்கூடச் செருமாமல், “மணமக்களின் சுற்றமே, நட்பே, சோறு எப்போது வரும் என்று காத்திருக்கும் சொந்தங்களே!” என்று அவர் ஆரம்பித்தால், கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் இளவட்டங்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அப்படிப்பட்ட குரலுக்கு ஒரு நாள் கேடு வந்தது. அரசாங்கக் கிளினிக்கில் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்ன ஆரம்பித்த கொஞ்ச நாளில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. தைப்பூசத்தை ஒட்டி நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில், “இப்போது மணமகனின் தாய்மாமன் மேடைக்கு” என்று சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து, அவர் இருமி ஓய்வதற்குள் தாய்மாமன் மேடைக்கு வந்து, நின்று, பார்த்து, இறங்கியும் போய்விட்டார். அந்தப் பக்கம் புதிதாகத் தலையெடுத்திருந்த எம்.சி. மகேஸ்வரன் கூட்டத்தின் நடுவே எழுந்து வந்து அவர் கையில் ஓர் இருமல் மிட்டாயை வைத்துவிட்டுப் போனான். இருமலைவிட அந்த மிட்டாய்தான் வீரமுத்துவின் நெஞ்சில் அடைத்தது.

அன்றோடு மாத்திரைக்கும் அவருக்கும் ஒட்டு இல்லை என்று ஆகிவிட்டது. இருமலும் நின்றது. ஆனால் இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? புஷ்பவள்ளி பள்ளி வேன் ஓட்டுபவர். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைக்கிறவர். காலையில் வெந்நீரும் மாத்திரையுமாக வந்து நிற்பார். வீரமுத்து மாத்திரையை வாயில் போட்டு, நாக்கால் தள்ளி இடது கடைவாயில் ஒதுக்கிவைத்து, தண்ணீரைக் குடித்து, “ஆ” என்று வாயையும் திறந்து காட்டிவிட்டு, பேப்பர் எடுக்கிற சாக்கில் வாசலுக்குப் போய்த் துப்பிவிடுவார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை காலையில் மாத்திரை வாய்க்குள் போனதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆட்டு ஈரல் வாடை அடித்தது. அரசாங்கம் கம்பெனியை மாற்றிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், கேட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். துப்ப வழியில்லை. திரும்பி நின்று, ஒரு டிஷ்யூவில் மாத்திரையைச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறு நிமிடம் பின்கட்டிலிருந்து ஒரு சத்தம்.

“ஏங்க! இங்க ஓடி வாங்க!”

பின்கட்டில் நாய் பிரவுனி உட்கார்ந்திருந்தது. மகள் லோஷினி சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். அங்கே வாடகை அறையில் நாய்க்கு இடமில்லை என்று இங்கே கொண்டுவந்து விட்டது. அதன் தட்டில் கோழி ஈரல் பிசைந்த சோறு வைத்திருந்தார் புஷ்பவள்ளி. சோறு போன இடம் தெரியவில்லை. தட்டு கழுவி வைத்த மாதிரிப் பளபளத்தது. நட்டநடுவே ஒரே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. நக்கி, சப்பி, அதை மட்டும் பத்திரமாக ஒதுக்கிவைத்திருந்தது பிரவுனி.

வீரமுத்து நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது. ஒரே தொழில் செய்கிறவர்கள் சந்தையில் எதிர்ப்பட்டால் பார்த்துக்கொள்வது போல இருந்தது.

“இது உங்க பிரஷர் மாத்திரைங்க,” என்றார் புஷ்பவள்ளி. “மூக்குக் கண்ணாடிய வேன்ல விட்டுட்டேன். இது நாய்க்குப் போயிருக்குன்னா, நாயோட பூச்சி மாத்திரை எங்க போச்சு?”

வீரமுத்துவின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. விழுங்கவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘ஏன் விழுங்கவில்லை?’ என்று வரும். அதற்கடுத்து, ‘எத்தனை நாளாக?’ என்று வரும். நாய் மாத்திரை தின்ற மனிதனாக இருப்பதா, தைப்பூசத்திலிருந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதனாக இருப்பதா என்று யோசித்தார். நாய் மாத்திரையில் ஆபத்து குறைவு என்று பட்டது.

“முழுங்கிட்டேன் புஷ்பா,” என்றார்.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் புஷ்பவள்ளி.

உடனே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“அம்மா, பதறாதீங்க,” என்றாள் லோஷினி. “அப்பா மூச்சு விடறாரா?”

“விடறாரு.”

“வாந்தி, மயக்கம்?”

“இல்ல. ஆனா மூஞ்சி ஒரு மாதிரி திருதிருன்னு இருக்குடி.”

“அது எப்பவும் அப்படித்தானே இருக்கும்.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடவா? வயித்துல குழாய் விட்டுக் கழுவிடுவாங்களாம்.”

குழாய் என்றதும் வீரமுத்து போனுக்குக் கிட்டே வந்தார். “ஏன்ம்மா, மொதல்ல ஒரு பார்மசியில கேட்டா என்னா?”

“கேளுங்கப்பா, நல்ல யோசனைதான். ஆனா பார்மசிஸ்ட்கிட்ட கேளுங்க. கடையில நிக்கிறவங்க எல்லாம் பார்மசிஸ்ட் இல்ல. லைசென்ஸ் இருக்கணும். பேரும் இந்த வருஷமும் போட்ட சான்றிதழ் சுவத்துல மாட்டியிருப்பாங்க. அம்மா, அத நீங்க கண்ணால பார்த்துட்டு அப்புறமா விஷயத்தச் சொல்லுங்க. அப்பாவுக்கு ஏதாவது மாத்தமா தெரிஞ்சா நேரா ஆஸ்பத்திரி. சரியா?”

இதில் ‘லைசென்ஸ்’ என்ற ஒரு சொல் புஷ்பவள்ளியின் மனதில் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது. வேன் ஓட்டுகிற லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்கிறவர் அவர். லைசென்ஸின் அருமை அவருக்குத் தெரியும். நாய் மாத்திரையின் உறையை எடுத்துக் கைப்பையில் போட்டார். “சாயங்காலம் கூலாய்ல சதாசிவம் வீட்டுக் கல்யாண விருந்து, மைக் பிடிக்கணுமே” என்று வீரமுத்து இழுத்தார்.

“மொதல்ல உயிரப் பிடிங்க. ஏறுங்க வண்டியில. பார்மசிஸ்ட் சொல்ற வரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது.”

*

செனாய் கடைத்தெருவில் முதல் மருந்துக்கடை. கல்லாவில் ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மருந்து அலமாரிகளுக்கு முன்னால் இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. மருந்தாளுநர் இப்போது பணியில் இல்லை என்று ஒரு பலகை தொங்கியது. புஷ்பவள்ளி அதைப் படிக்கவில்லை. நேராகப் போய், “உனக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று மலாயில் கேட்டார்.

அந்தப் பெண் பயந்துபோய்க் கைப்பையைத் துழாவி மோட்டார் சைக்கிள் லைசென்ஸை எடுத்து நீட்டினாள்.

வீரமுத்துவுக்கு அப்பாடா என்று இருந்தது. மருந்தாளுநர் கிடைக்காவிட்டால் கேள்வியும் கிடையாது. அப்படியே அலைந்து களைத்து, மதியத்துக்குள் ‘ஒன்றும் ஆகவில்லையே, வீட்டுக்குப் போகலாம்’ என்று மனைவியே சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டார்.

“அவங்க எப்ப வருவாங்கன்னு தெரியலையாம் புஷ்பா. என்னா செய்யறது, நம்ம நேரம்,” என்று சோகமாகச் சொன்னார்.

“ஊர்ல இது ஒரு கடைதானா? வாங்க.”

அடுத்தது ஒரு பேரங்காடிக்குள் இருந்த பெரிய கடை. வாசலிலேயே வெள்ளைக் கோட்டு போட்ட வாலிபன் ஒருத்தன் நின்றிருந்தான். நெஞ்சில் ‘ரூபேந்திரன்’ என்று பெயர் அட்டை. அவன் பக்கத்தில் ஏதோ ஒரு கருவி. அந்தக் கோட்டைக் கண்டதும் புஷ்பவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது.

“தம்பி, எங்க வீட்டுக்காரரு நாய் மாத்திரைய முழுங்கிட்டாருப்பா!”

அவருக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை. வேனின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்க வேண்டிய குரல் அது. ஷாம்பு அடுக்கில் நின்ற மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ரூபேந்திரன் பதறவில்லை. “உக்காருங்க அங்கிள். ஷூவக் கழட்டுங்க. வலது கால இதுக்குள்ள வைங்க,” என்றான்.

“மாத்திரை வயித்துல இருக்கு தம்பி. கால எதுக்கு வைக்கணும்?” என்றார் வீரமுத்து.

“எல்லாத்துக்கும் அடிப்படை கால்தான் அங்கிள்.”

கருவி கிர்ரென்றது. ரூபேந்திரன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “அங்கிள் வயசு என்னா?”

“அறுபத்து மூணு.”

“உங்க எலும்பு வயசு எண்பது.”

“ஐயோ, ஒரு மாத்திரையிலேயே இவ்வளவு ஏறிடுச்சா!” என்று அலறினார் புஷ்பவள்ளி.

“கவலையே படாதீங்க ஆன்ட்டி. இந்தப் பால் பவுடர் காலையில ரெண்டு கரண்டி, ராத்திரி ரெண்டு கரண்டி. இன்னிக்கு ரெண்டு டின் வாங்குனா ஒரு குடை ஃப்ரீ.”

அப்போதுதான் புஷ்பவள்ளிக்கு மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. “உன் லைசென்ஸ் எங்க தம்பி? சுவத்துல மாட்டுறது?”

“சான்றிதழா? இருக்கு ஆன்ட்டி,” என்று அவன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். தென் ஜொகூர் வட்டாரத்தின் சிறந்த பால் பவுடர் விற்பனையாளர் என்று அவனுக்குக் கொடுத்த சான்றிதழ். கோப்பையோடு அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

“அப்ப எதுக்குடா இந்த வெள்ளைக் கோட்டு?”

“கம்பெனி யூனிஃபார்ம் ஆன்ட்டி.”

வீரமுத்து அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே காளியம்மா நின்றிருந்தார். கோயில் மாதர் சங்கத்துக் காளியம்மா. கையில் ஷாம்பு. கண்ணில் அளவில்லாத கவலை, அதைவிட அளவில்லாத மகிழ்ச்சி.

“அண்ணே, நெசமாவா? நாய் மாத்திரையா? அடப் பாவமே!” என்று சொல்லிக்கொண்டே அவருடைய இன்னொரு கை போனைத் தட்டிக்கொண்டிருந்தது.

வேன் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் வீரமுத்துவின் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் மைத்துனர். அப்புறம் கோயில் செயலாளர். அப்புறம் மெர்சிங்கில் படகுத்துறைப் பக்கம் கடை வைத்திருக்கும் அத்தை மகன். அவ்வளவு தூரம் செய்தி போக எத்தனை கை மாறியதோ, அவன் காதுக்குப் போனபோது நாயே கடித்துவிட்டது என்று ஆகியிருந்தது. கடைசியாக, பெண்ணைப் பெற்ற சதாசிவம்.

“வீரமுத்துண்ணே, நல்லா இருக்கீங்கல்ல? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. சாயங்காலம் மேடையில ஒண்ணும் மாத்தமா நடந்துக்க மாட்டீங்கதானே? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூவார்லேருந்து பெரிய பெரிய ஆளுங்களா வராங்க.”

“என்னா மாத்தம்? வால் முளைச்சிடுமா?”

“அப்படிச் சொல்லல. எதுக்கும் மகேஸ்வரன ரெடியா இருக்கச் சொல்லியிருக்கேன்.”

மகேஸ்வரன் என்ற பெயரைக் கேட்டதும் வீரமுத்து போனைப் பட்டென்று வைத்துவிட்டார். முகம் வெளுத்தது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்த புஷ்பவள்ளி வேகத்தைக் கூட்டினார். வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தமும் சாம்பார் மணமும் ஜன்னல் வழியே வந்து போயின. காலையிலிருந்து வெறும் வயிறு. இதுவரைக்கும் மருந்தாளுநர் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர், இப்போது கிடைத்தாலும் தேவலை, நாலு வாய் சாப்பிடலாம் என்று நினைக்க ஆரம்பித்தார்.

*

கூலாயில் கடைவீட்டு வரிசை ஒன்றில் ஒரு சின்ன மருந்தகம். உள்ளே போனதும் புஷ்பவள்ளி யாரிடமும் எதையும் பேசவில்லை. சுவரைத்தான் பார்த்தார். சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. கிட்டே போய், கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். நிக்கோல் அமலதாஸ். இந்த வருஷம். முத்திரை. கோயில் கருவறை முன்னால் நிற்பது போலக் கைகூப்பாத குறைதான்.

“லைசென்ஸ் இருக்குங்க!” என்று உரக்கச் சொன்னார். “ஆனா ஆளக் காணோமே?”

கல்லாவில் இருந்தவர் எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையைக் காட்டினார். மருந்தாளுநர் சாப்பிடப் போயிருக்கிறார், சீக்கிரம் வந்துவிடுவார் என்றார். ‘சீக்கிரம்’ என்பதெல்லாம் புஷ்பவள்ளியிடம் செல்லாது. வீரமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு மேசை போய், “இங்க யாரு நிக்கோல்? லைசென்ஸ் உள்ள நிக்கோல்?” என்று கேட்டார். ஓரத்து மேசையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் முள்கரண்டியோடு கையைத் தூக்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. கோட்டு இல்லை. பூப்போட்ட சட்டை.

புஷ்பவள்ளிக்கு நம்பிக்கை வரவில்லை. “தப்பா நெனைக்காதம்மா. ஐ.சி. கொஞ்சம் காட்டுறியா?”

நிக்கோல் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, அடையாளக் கார்டை எடுத்துக் கொடுத்தாள். புஷ்பவள்ளி பெயரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அப்புறம்தான் கதையைச் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நிக்கோல் சிரிக்கவில்லை. அது வீரமுத்துவுக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையிலிருந்து இந்தச் செய்தியைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவள்தான். உறையை வாங்கிப் படித்தாள். எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை, வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், அலர்ஜி உண்டா என்று வரிசையாகக் கேட்டாள்.

“சின்ன நாய்க்குரிய அளவு ஆன்ட்டி. அங்கிள் உடம்புக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் எடை பார்த்து, பிரஷர் பார்த்து, விஷத் தகவல் மையத்துக்கும் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுடறேன். வாங்க, கடைக்குப் போலாம்.” பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

கடைக்குள் எடை பார்க்கும் கருவி இருந்தது. “ஷூவக் கழட்டிட்டு ஏறுங்க அங்கிள்.” இன்றைக்கு இரண்டாவது தடவையாக வீரமுத்து ஷூவைக் கழற்றக் குனிந்தார். சட்டைப் பை கவிழ்ந்தது. கசங்கிய டிஷ்யூ கீழே விழுந்து பிரிந்தது. அதற்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு மாத்திரை உருண்டு, உருண்டு, நிக்கோலின் காலடியில் போய் நின்றது.

வீரமுத்து குனிந்த நிலையிலேயே உறைந்துவிட்டார். புஷ்பவள்ளி அந்தப் பக்கம் திரும்பி, வாசலில் நின்ற யாரோ ஒருத்தருக்குச் சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

நிக்கோல் மாத்திரையைப் பார்த்தாள். கையில் இருந்த உறையில் போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். வீரமுத்துவைப் பார்த்தாள். பிறகு காலை மெல்ல நகர்த்தி மாத்திரையைச் செருப்பால் மறைத்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, நீங்க வெளியில அந்த நாற்காலியில கொஞ்சம் உக்காருங்க. நான் அங்கிள்கிட்ட தனியா சில கேள்வி கேக்கணும்.”

“எங்கிட்ட மறைக்க அவருக்கு ஒண்ணுமே கிடையாதும்மா.”

“சட்டம் அப்படி ஆன்ட்டி.”

லைசென்ஸ் உள்ளவள் சட்டம் என்று சொன்னால் அப்பீல் ஏது? புஷ்பவள்ளி வெளியே போனார்.

தடுப்புக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்ட ஒரு சின்ன இடம். நிக்கோல் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். அது இறுகி, தளர்ந்து, காட்டிய எண்ணைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது.

“அங்கிள், பிரஷர் மாத்திரையும் இப்படித்தான் டிஷ்யூக்குப் போகுதா?”

வீரமுத்து ஏதாவது கதை சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். மேடையில் எந்த நெருக்கடியிலும் ஒரு வாக்கியம் வந்து கைகொடுக்கும். இன்றைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் உண்மைதான். இருமல், தாய்மாமன், மகேஸ்வரனின் மிட்டாய், கடைவாய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“இந்த இருமல கிளினிக்ல சொன்னீங்களா?”

“இருமுனா வேற ஏதாவது வியாதின்னு இன்னொரு மாத்திரை கொடுத்துடுவாங்கன்னு சொல்லலம்மா.”

“இது உங்க வியாதி இல்ல அங்கிள். இந்த வகை மாத்திரைக்குச் சில பேருக்கு இப்படி வறட்டு இருமல் வரும். எல்லா டாக்டருக்கும் தெரிஞ்ச விஷயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வகைக்கு மாத்திக் கொடுத்திருப்பாங்க.”

ஒரு வார்த்தை. மணிக்கணக்காகப் பேசி ஊரையே மயக்குகிற தனக்கு அந்த ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லையே என்று நினைத்தபோது வீரமுத்துவுக்கே சிரிப்பு வந்தது.

“சிரிக்காதீங்க. உங்க பிரஷர் நல்லா ஏறிக் கிடக்கு. ரெண்டு கடை தள்ளி கிளினிக் திறந்திருக்கு. நான் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்றேன். இப்பவே போகணும். சாயங்காலம் மைக் பிடிக்கலாமா இல்லையான்னு அவரு சொல்லட்டும்.” அவள் எழுந்தாள். “ஆன்ட்டிகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்.”

“கொன்னுடுவாளேம்மா.”

“அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல.”

வெளியே வந்தார். புஷ்பவள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை அதட்டும் முகம் அங்கே இல்லை. கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

“என் கையாலேயே கொடுத்துட்டேனேங்க,” என்றார். “கண்ணாடி போட சோம்பேறித்தனப்பட்டு என் கையாலேயே...”

வீரமுத்து காலையிலிருந்து தன் பசியையும் தன் மானத்தையும் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறார். இவள் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டா இத்தனை கடை ஏறி இறங்கினாள்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“புஷ்பா, நான் அத முழுங்கல.”

“ஆங்?”

“எதையுமே முழுங்கல. தைப்பூசத்துலேருந்து.”

புஷ்பவள்ளி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் நின்றது. முகம் படிப்படியாக மாறியது. கைப்பை காற்றில் எழுந்து வீரமுத்துவின் தோளில் இறங்கியது. பின்பு முதுகில். பின்பு மறுபடியும் தோளில். அதற்குள் பழங்காலத்துப் பித்தளைச் சாவிகள் இரண்டு கிடந்த மாதிரி வலித்தது.

“எங்க துப்புன? சொல்லு, எங்க துப்புன?” கோபத்தில் ‘ங்க’ போய்விட்டது.

“வாசல்ல, ரோஜாத் தொட்டியில.”

“அடப் பாவி மனுஷா! அதான் என் ரோஜா பட்டுப்போச்சா! உரம் சரியில்லன்னு அந்த உரக்கடைக்காரன்கிட்ட போய் நான் சண்டை போட்டுட்டு வந்தேனே!”

இன்னொரு தடவை கைப்பையை ஓங்கியவர், பாதியில் நிறுத்தி, அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தால் சிரிக்கிறார். உரக்கடைக்காரன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு மூட்டை உரத்தை இலவசமாகக் கொடுத்தனுப்பினானாம்.

*

டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அங்கேயே ஒன்றைப் போடச் சொன்னார். புஷ்பவள்ளி கைப்பேசியின் டார்ச்சை அடித்து, நாக்குக்கு மேலே, நாக்குக்குக் கீழே, இரண்டு கடைவாயிலும் பார்த்தார். டாக்டரும் எட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் படுக்கவைத்து மறுபடியும் பிரஷர் பார்த்து, “சத்தம் போடாமல் பேசுவதாக இருந்தால் போய் வாருங்கள்” என்று அனுப்பினார்.

கல்யாண மண்டபத்துக்குள் வீரமுத்து நுழைந்தபோது சலசலப்பு அடங்கியது. காளியம்மாவின் போன் வேலை செய்யாத மேசையே அங்கே இல்லை. முன்வரிசையில் மகேஸ்வரன் டை கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். வீரமுத்து மேடையேறி மைக்கை எடுத்து, “மணமக்களின் சுற்றமே, நட்பே” என்று ஆரம்பிப்பதற்குள், மூலையில் இளவட்டங்களின் மேசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“வள்!”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. மூவாரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சதாசிவம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். வீரமுத்து சிரிப்பு அடங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“என் சொந்தக்காரங்க அந்த மூலை மேசைக்கு வந்துட்டாங்க போல. பரிமாறுறவங்க கவனிக்கணும், அவங்களுக்கு எலும்பு மட்டும் போடுங்க,” என்றார்.

அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு யாரும் குரைக்கவில்லை. மகேஸ்வரன் டையைத் தளர்த்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

விருந்து முடிகிற நேரத்தில் சதாசிவம் வந்து வீரமுத்துவை மேடைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சம்பளக் கவர் கொடுக்கத்தான் போல என்று நினைத்தால், அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு கடை எத்தன மணிக்குத் திறக்கும்?” என்று கேட்டார்.

“எந்தப் பொண்ணு?”

“அதான், உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்களே, லைசென்ஸ் உள்ள பொண்ணு. என் சர்க்கரை மாத்திரைய நானே பாதியா உடைச்சுத்தான் சாப்பிடறேன். பொண்டாட்டிக்குத் தெரியாது.”

அவர் போனதும் கோயில் செயலாளர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலி மாத்திரையைக் கடன் வாங்கித் தின்கிறாராம். காளியம்மாவும் வந்தார், தூக்க மாத்திரையைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமாம், ஆனால் யாரிடமும் சொல்லிவிட வேண்டாமாம். ஐஸ்கிரீம் பரிமாறி முடிவதற்குள் திரைக்குப் பின்னால் ஒரு சின்ன வரிசையே நின்றது. புஷ்பவள்ளி வந்து பார்த்தார்.

“எல்லாரும் இங்க நின்னு என்னா பிரயோசனம்? திங்கக்கிழமை பிள்ளைங்கள ஸ்கூல்ல இறக்கிட்டா வேன் சும்மாதான் நிக்கும். வர்றவங்க வாங்க. வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வரணும். ஒண்ணையும் ஒளிக்கக் கூடாது.”

திங்கட்கிழமை காலையில் நிக்கோல் கடைக்கதவைத் தூக்கியபோது, எதிரே ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. பிள்ளைகள் உட்காரும் சீட்டிலிருந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பெரியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. “வரிசை! வரிசையில நில்லுங்க! தள்ளாதீங்க!” என்று பின்னாலிருந்து புஷ்பவள்ளி அதட்டினார். உள்ளே வந்த எல்லாரும் முதலில் சுவர்ப் பக்கம் போய்ச் சான்றிதழை ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு வந்து நின்றார்கள்.

வீரமுத்து வாசலில் நின்று, “அடுத்ததாக, நீண்ட நாள் சர்க்கரையோடு போராடிவரும் நம் அன்புக்குரிய” என்று முழங்க ஆரம்பித்தார்.

“அங்கிள்!” என்றாள் நிக்கோல். “யாரோட வியாதியையும் இங்க அறிவிக்கக் கூடாது.”

வீரமுத்து வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

நிக்கோல் கோட்டை மாட்டிக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் ஆளாக நின்ற சதாசிவத்தை உள்ளே கூப்பிட்டாள். மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுகிறீர்கள், சொல்லுங்கள் என்றாள்.

சதாசிவம் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“உண்மையச் சொல்லணுமாம்மா,” என்று மெதுவாகக் கேட்டார், “இல்ல, டாக்டர்கிட்ட வழக்கமா சொல்றதச் சொல்லணுமா?”